மேகத்துக்குள் இருக்கும் உச்சி

ஜெர்மனியின் மிக உயரமான சிகரத்தின் மேல் நான் முதன்முதலாக நின்றபோது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இரும்புக் கம்பியைத் தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அது ஜூலை மாதம். கீழே கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் ஊரில் 21 பாகை வெப்பம். மக்கள் அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேலே 5 பாகை. காற்றோடு சேர்ந்து முகத்தில் அறைந்த ஈரத்தை மழை என்பதா பனி என்பதா என்று முடிவு செய்ய முடியவில்லை. நான்கு நாடுகளைச் சேர்ந்த 400 சிகரங்களை இங்கிருந்து காணலாம் என்று விளம்பரம் சொல்லியிருந்தது. நான்கு நாடுகளும் வெள்ளைச் சுவருக்குப் பின்னால் இருந்தன. டிக்கெட் விலையை எண்ணிப் பெருமூச்சு விட்ட நான், காப்பி குடித்துவிட்டு இறங்கி வந்து, நண்பர்களிடம் "ஒன்றுமே பார்க்கவில்லை" என்று சொன்னேன்.

அது தவறான கூற்று என்பது எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின. சுக்ஷ்பிட்ஸே என்னும் அந்தச் சிகரத்துக்கு அதன்பின் இரண்டு முறை போனேன். அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மேகம் அந்த உச்சியை மறைக்கிறது என்று இப்போது நான் சொல்வதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அந்த உச்சி இருக்கும் இடமே மேகத்தின் உள்தான். அன்று நான் பார்த்தது அதன் இயல்பான நாள்களில் ஒன்று.

சிகரம் எங்கே நிற்கிறது என்பதிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும். சுக்ஷ்பிட்ஸேயின் உயரம் 2,962 மீட்டர். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் கணக்கில் இது பெரிய உயரமே அல்ல. எல்லைக்கு அப்பால் ஆஸ்திரியாவில் இதைவிட உயர்ந்த சிகரங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மோன் பிளாங்க்கின் பக்கத்தில் வைத்தால் இது தோளுக்குக்கூட எட்டாது. ஆனால் இது நிற்கும் இடம் வேறு வகையானது. வெட்டர்ஷ்டைன் என்னும் மலைத்தொகுதியின் மேற்கு முனையில், ஆல்ப்ஸின் வடக்கு ஓரத்தில், பவேரியச் சமவெளிக்கு முகம் காட்டிக்கொண்டு இது எழுகிறது. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஐப்சே ஏரியின் கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், இடையில் குன்று, மேடு என்று எதுவும் குறுக்கிடாமல், கிட்டத்தட்ட 2,000 மீட்டர் பாறை ஒரே மூச்சில் மேலே போகிறது. ஆல்ப்ஸின் நடுப்பகுதியில் உள்ள பல சிகரங்களுக்கு உயரம் கூடுதலாக இருந்தாலும், அவற்றைச் சுற்றி வேறு மலைகள் காவலுக்கு நிற்கின்றன. இதற்கு வடக்கே அப்படிக் காவல் எதுவும் இல்லை.

அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்தும் வட கடலிலிருந்தும் ஈரத்தைச் சுமந்துகொண்டு வடமேற்கிலிருந்து வரும் காற்று, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாழ்நிலத்தைக் கடந்து வந்து முதன்முதலாக மோதும் உயர்ந்த சுவர்களில் ஒன்று இது. மோதிய காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. ஏற ஏறச் சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவிடுவதால் குளிர்கிறது. ஈரம் செறிவுநிலையை அடையும்வரை 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 பாகை வீதம் குளிர்கிறது. அதன்பின் நீராவி துளிகளாக மாறும்போது வெளிவிடும் வெப்பத்தால் அந்த வேகம் பாதிக்குச் சற்று மேலாகக் குறைகிறது. துளிகள் உருவாகும் அந்த உயரம்தான் மேகத்தின் அடித்தளம். மழைநாளில் கார்மிஷ் தெருவில் நின்று பார்த்தால் மலையின் இடுப்பில் கோடு கிழித்தாற்போல் அது தெரியும். ஊர்க்காரர்களுக்கு அது மலை மறைந்த நாள். உச்சியில் இருப்பவருக்கோ உலகமே மறைந்த நாள். இப்படிக் காற்று மலைமேல் அழுத்தி நிறுத்தப்படும் நிலைக்கு ஜெர்மானிய மொழியில் "வடக்குத் தேக்கம்" என்று பொருள்படும் ஒரு சொல்லே உண்டு. வானொலியில் வானிலை படிப்பவர் அதைச் சொன்னால் இரண்டு மூன்று நாளைக்கு மலைப்பக்கம் போகத் திட்டமிட வேண்டாம் என்று பொருள்.

இதன் விளைவு கணக்கில் தெரிகிறது. 1961 முதல் 1990 வரையிலான முப்பது ஆண்டுகளின் சராசரியாக உச்சியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழையும் பனியும் விழுந்தன. அதே காலத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 4.8 பாகை. விழுவதில் பெரும்பகுதி பனியாகவே விழுகிறது, எந்த மாதமும் அதற்கு விலக்கல்ல என்பதை இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். இங்கே பதிவான மிகப் பெரிய பனி ஆழம் 8.30 மீட்டர், அது பதிவானது 1944ஆம் ஆண்டு ஏப்ரலில். டிசம்பரோ ஜனவரியோ அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். கீழே ஆப்பிள் மரங்கள் பூக்கும் பருவத்தில்தான் மேலே பனி உச்சத்தை எட்டுகிறது. அக்டோபரிலிருந்து விழுந்தது எதுவும் உருகாமல் வங்கிக் கணக்கில் சேர்வதுபோல் சேர்ந்து, வரவை மீறிய செலவு மே மாதத்தில்தான் தொடங்குகிறது.

மேகத்துக்குள் இருப்பதால் ஏற்படும் இன்னொரு விளைவை நான் அன்று கண்ணால் கண்டேன், ஆனால் அது என்னவென்று தெரியாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். கம்பிகளிலும் படிக்கட்டின் ஓரங்களிலும், முந்தின இரவின் உறைகுளிரில் முளைத்து இன்னும் முழுதாக உருகாமல், வெள்ளை இறகுகள் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. மேகத்துளிகள் மிகச் சிறியவை என்பதால் உறைநிலைக்குக் கீழே போனாலும் உடனே உறைவதில்லை. திரவமாகவே மிதந்துகொண்டிருந்து, திடப்பொருள் ஒன்றில் பட்ட கணத்தில் உறைகின்றன. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையை நோக்கியே இந்த இறகுகள் வளரும். காற்றோடு போகும் கொடியைப் போல் அல்லாமல், காற்றை எதிர்த்து நீளும் கொடி. முந்தின இரவில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதைக் கம்பியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்தச் சிகரத்தின் மேல் முதன்முதலாக ஏறியதாகப் பதிவு பெற்றவர்களும் என்னைப் போல வானிலையிடம் மாட்டியவர்கள்தாம் என்று படித்தபோது சற்று ஆறுதலாக இருந்தது. 1820ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று, பவேரிய நில அளவைப் பணிக்காக வந்த யோசெஃப் நவுஸ் என்னும் படை அதிகாரி, மலைவழிகாட்டி ஒருவரோடும் அளவை உதவியாளர் ஒருவரோடும் மேற்கு உச்சியை அடைந்தார். அங்கே நின்று நாடு பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. சில நிமிடங்களில் இடியும் பனிப்பொழிவும் சேர்ந்து வந்துவிட்டன. கல் அடுக்கி அடையாளம் வைக்கவும் அவகாசம் இல்லாமல், ஒரு கைத்தடியில் கைக்குட்டையைக் கட்டி நட்டுவிட்டு உயிர் பிழைத்தால் போதும் என்று இறங்கினார்கள். உண்மையில் அவர்களுக்கு முன்பே ஆயர்களோ வேட்டைக்காரர்களோ ஏறியிருக்கக்கூடும் என்று எண்ண இடமளிக்கும் பழைய நிலப்படம் ஒன்றும் உண்டு. படிக்கத் தெரிந்தவன் ஏறினால்தான் ஏற்றம் என்று எழுதப்படுகிறது. அது எந்த மலைக்கும் பொதுவான வழக்கம்.

1851இல் மேற்கு உச்சியில் பொன்முலாம் பூசிய சிலுவை ஒன்றை நிறுவினார்கள். அதற்கு முன்முயற்சி எடுத்தவர் கிறிஸ்டோஃப் ஓட் என்னும் பாதிரியார். பக்தியால் மட்டும் அவர் அதைச் செய்யவில்லை என்று நினைக்கிறேன். வடக்கே சமவெளியின் விளிம்பில் ஹோஹன்பைசன்பெர்க் என்றொரு குன்று இருக்கிறது. 1781 முதல் அங்கே நாள்தோறும் வெப்பநிலையும் காற்றழுத்தமும் குறிக்கப்பட்டு வருகின்றன. உலகின் மிகப் பழைய மலை வானிலை நிலையம் என்று அதையே சொல்கிறார்கள். நீண்ட காலம் அந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் அங்கிருந்த குருமார்கள். ஓட் அவர்களில் ஒருவர். தன் வெப்பமானியின் முன் நின்று தெற்கே பார்க்கும்போதெல்லாம் கண்ணில் பட்ட மலையின் தலையில் வெறுமை அவரை உறுத்தியிருக்க வேண்டும். துண்டு துண்டாகச் சுமந்து கொண்டுபோய்ப் பொருத்திய அந்தச் சிலுவையை மின்னல் பலமுறை தாக்கியது. பழுது பார்த்து 1882இல் கிழக்கு உச்சிக்கு மாற்றினார்கள்.

உச்சியில் நிலையான வானிலை நிலையம் 1900ஆம் ஆண்டு ஜூலையில் திறக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் அங்கே மலையேறிகள் தங்குவதற்காகக் கட்டப்பட்டிருந்த மியூனிக் குடிலின் பக்கத்தில் ஒரு சிறு கோபுரம். அதில் முதல் குளிர்காலத்தைக் கழித்தவர் யோசெஃப் என்ஸன்ஸ்பெர்கர் என்னும் இளைஞர். வானிலை அறிஞர், தேர்ந்த மலையேறியும்கூட. ரயிலும் ரோப் காரும் இல்லாத காலம். தந்திக் கம்பி பனியின் பாரத்தால் அறுந்துபோனால் உலகத்தோடு தொடர்பு முடிந்தது. ஒவ்வொரு நாளும் குறித்த நேரங்களில் வெளியே வந்து, கருவிகளின் மேல் படிந்த பனிப்படலத்தைச் சுரண்டி, எண்களைக் குறித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதற்கு அடுத்த பயணமாக அவர் ஜெர்மானியத் தென்துருவ ஆய்வுக் குழுவோடு இந்தியப் பெருங்கடலின் தெற்கே உள்ள கெர்கெலன் தீவுக்குச் சென்றார். 1903இல் அங்கே பெரிபெரி நோயால் இறந்தார். சுக்ஷ்பிட்ஸேயைப் பற்றிய எந்த எண்ணைப் பார்த்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான். 1945இல் போர் முடிந்த சமயத்தில் சில மாதங்கள் விட்டுப்போனதைத் தவிர அந்தக் குறிப்பேடு நூற்றாண்டுக்கும் மேலாக அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அந்த வேலையைக் கருவிகள் தாமாகவே செய்கின்றன.

அந்தக் குறிப்பேட்டின் எல்லைகளைச் சொல்கிறேன். மிகக் குறைந்த வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 35.6 பாகை, 1940 பிப்ரவரி 14. மிக அதிக வெப்பநிலை 17.9 பாகை, 1957 ஜூலை 5. நூறு ஆண்டுகளுக்கு மேலான பதிவில் உச்சம் 18 பாகையைத் தொடவில்லை. காற்றின் உச்ச வேகம் மணிக்கு 335 கிலோமீட்டர். 1985 ஜூன் 12, அதாவது கோடையில். ஜூலை என்பதால் மெல்லிய சட்டையோடு ஏறிய என் போன்றவர்களுக்கு ரோப் கார் நிலையத்தின் வெதுவெதுப்பான அறை இருந்தது. எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2008 ஜூலையில் உச்சிவரை ஓடி ஏறும் ஒரு போட்டியின்போது பனிப்பொழிவும் கடுங்காற்றும் சூழ்ந்து, இரண்டு ஓட்டக்காரர்கள் உடல் குளிர்ந்து இறந்துபோனார்கள். நடுக்கோடையில், ரயிலும் உணவகமும் உள்ள ஒரு மலையில் நடந்தது அது.

இரண்டாவது முறை நான் போனது ஒரு ஜனவரியில். அன்று காலை கார்மிஷில் எதிரே வரும் ஆளின் முகம் தெரியாத மூடுபனி. உறைநிலைக்குக் கீழே 6 பாகை. ஜூலையிலேயே ஒன்றும் தெரியாத மலையில் ஜனவரியில் என்ன தெரியப்போகிறது என்று தயங்கினேன். உடன் வந்த நண்பர் இந்த ஊர்க்காரர்; "மூடுபனி இருப்பதால்தான் போக வேண்டும்" என்றார். ஐப்சேயிலிருந்து புறப்பட்ட ரோப் கார் ஒன்றிரண்டு நிமிடம் பால் போன்ற வெண்மைக்குள் ஏறியது. பிறகு சட்டென்று தலை வெளியே நீட்டியது போல நீல வானத்துக்குள் வந்தோம். 2017 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்த ரோப் கார் ஒரே ஒரு தூணை மட்டும் தாண்டிச் செல்கிறது. 127 மீட்டர் உயரமுள்ள அந்தத் தூணிலிருந்து உச்சி நிலையம்வரை 3,213 மீட்டருக்குக் கம்பிக்கு வேறு தாங்கல் கிடையாது. இந்தப் பொறியியல் சாதனையை அன்று நான் பாராட்டவில்லை. கண்கள் இறுகியிருந்தன.

மேலே பள்ளத்தாக்கைவிட வெப்பம் கூடுதல்: உறைநிலைக்குக் கீழே 2 பாகைதான். காற்றும் அசையவில்லை. வடக்கே பவேரியா முழுவதும் வெள்ளைக் கடலுக்குள் மூழ்கிக் கிடந்தது. அதன் விளிம்பில் மலைகள் தீவுகளாக நின்றன. தெற்கே ஆஸ்திரியாவின் பனிச்சிகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் தெளிவாகத் தெரிந்தன. நானூறா என்று எண்ணிப் பார்க்கவில்லை.

குளிர்காலத்தில் உயரழுத்தம் நிலைகொள்ளும்போது நடப்பது இது. நீண்ட இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கிறது. அதைத் தொட்டுள்ள காற்றும் குளிர்ந்து, கனத்து, கிண்ணத்தில் ஊற்றிய நீரைப் போலப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. அதற்கு மேலே உயரத்திலிருந்து மெதுவாக இறங்கிவரும் காற்று அழுத்தப்பட்டு வெப்பமடைகிறது. வெப்பமடைந்த காற்றில் மேகம் நிற்காது. ஆக, கனத்த குளிர் கீழே, இலேசான வெதுவெதுப்பு மேலே, நடுவில் மூடிபோல ஒரு எல்லை. உயரம் கூடக் குளிரும் கூடும் என்னும் பள்ளிப் பாடம் அந்த நாள்களில் தலைகீழாகிவிடுகிறது. ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் வெயிலைத் தேடி மேலே போவதற்கு இதுவே காரணம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, தெற்கிலிருந்து ஆல்ப்ஸைத் தாண்டிவரும் ஃபூன் என்னும் காற்று. இத்தாலியப் பக்கத்தில் ஏறும்போது ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டு மெதுவாகக் குளிரும் காற்று, இந்தப் பக்கம் உலர்ந்ததாக இறங்கும்போது 100 மீட்டருக்கு 1 பாகை வீதம் வேகமாக வெப்பமடைவதால், கிளம்பிய இடத்தைவிட வெப்பமாக வந்து சேர்கிறது என்பது பாடநூல் விளக்கம். தெற்கே மழையே பெய்யாத நாள்களிலும் ஃபூன் வீசுவதுண்டு. அப்போது மலைமுகடுகளின் உயரத்தில் உள்ள காற்றே நேராகக் கீழே சரிந்து வருகிறது. எப்படி வந்தாலும் விளைவு ஒன்றுதான்: பள்ளத்தாக்கில் சில மணி நேரத்தில் பனி காணாமல் போகும், மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தெளியும், உச்சியிலோ நிற்க முடியாத புயல் வீசும். தலைவலி வந்தால் பவேரியர்கள் பாதிப் பேர் இந்தக் காற்றின் மேல்தான் பழி போடுவார்கள். அதை நான் நம்புவதில்லை என்றாலும், மியூனிக்கில் குடியேறிய சில ஆண்டுகளில் நானும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டேன்.

அந்தத் தெளிந்த நாளில்தான் உச்சியின் வடிவத்தையும் பார்க்க முடிந்தது. பார்த்ததும் ஏமாற்றமே. சுக்ஷ்பிட்ஸேக்கு ஒரு காலத்தில் மூன்று உச்சிகள் இருந்தன. நடுவில் இருந்தது 1930இல் ரோப் கார் நிலையத்துக்காக அழிக்கப்பட்டது. மேற்கில் இருந்ததை, அதாவது நவுஸ் கைக்குட்டையை நட்ட அந்த உச்சியை, 1938இல் படைத்துறைக் கட்டடம் ஒன்றுக்காக வெடி வைத்துத் தகர்த்தார்கள், கட்டடமோ வரவேயில்லை. எஞ்சியிருப்பது பொன்சிலுவையோடு நிற்கும் கிழக்கு உச்சி ஒன்றே. மற்ற இடமெல்லாம் கான்கிரீட் தளம், உணவகம், கடை. அந்தத் தளத்தின் வழியாகவே இரு நாடுகளின் எல்லை ஓடுகிறது. ஜெர்மனி தன் உயரங்களை ஆம்ஸ்டர்டாம் கடல்மட்டத்திலிருந்தும் ஆஸ்திரியா திரியெஸ்தே துறைமுகத்தின் கடல்மட்டத்திலிருந்தும் கணக்கிடுவதால், இதே பாறை ஆஸ்திரியக் கணக்கில் 27 சென்டிமீட்டர் கூடுதல் உயரம் கொண்டது. ஒரு மலையையே வெட்டிச் சமன் செய்துவிட்டு, ஒரு சாண் வேறுபாட்டைக் கவனமாகக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது முறை, ஒரு செப்டம்பரில், பற்சக்கர ரயிலில் மேலே போய், தெற்குப் பக்கமாக நடந்தே இறங்குவது என்று முடிவு செய்தேன். வடக்கே சுவராக நிற்கும் இந்த மலைக்குத் தெற்கில் முற்றிலும் வேறான முகம் இருக்கிறது. பிளாட் என்று அழைக்கப்படும் அகன்ற கல்வெளி ஒன்று, 2,650 மீட்டரிலிருந்து 2,000 மீட்டர்வரை, மூன்று பக்கமும் முகடுகள் சூழ, கிழக்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. வெப்பநாடுகளில் இந்த உயரத்தில் காடு அடர்ந்து நிற்கும். வட அகலாங்கு 47 பாகையில் இங்கே புல்கூடத் தயங்கித் தயங்கித்தான் முளைக்கிறது. மஞ்சள் அலகுள்ள மலைக்காகங்கள் மட்டும் எங்கள் ரொட்டியைக் குறிவைத்துப் பின்தொடர்ந்தன.

அந்தக் கல்வெளியில் நடக்கும்போது காலடியில் இருப்பது கடலின் அடித்தளம். வெட்டர்ஷ்டைன் சுண்ணாம்புக்கல் எனப்படும் இந்தப் பாறை 20 கோடி ஆண்டுகளுக்கும் முன், டிரையாசிக் காலத்தில், டெத்திஸ் என்னும் கடலின் வெதுவெதுப்பான ஆழமற்ற நீரில் உருவானது. சுண்ணாம்பைச் சுரக்கும் பாசிகளும் கடற்பஞ்சுகளும் பவளங்களும் அடுக்கடுக்காகச் செத்து விழுந்து, அடித்தளம் மெல்ல அமிழ அமிழ மேலே கட்டிக்கொண்டே போனதால், நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுக்குச் சேர்ந்த கல் இது. பின்னர் தெற்கிலிருந்து வந்த நிலத்தட்டு ஐரோப்பாவின் மேல் மோதியபோது இந்த அடுக்குகள் பெயர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, வடக்கு நோக்கி நெடுந்தூரம் தள்ளப்பட்டன. ஆண்டுச் சராசரி உறைநிலைக்குக் கீழே இருக்கும் ஓரிடம், வெப்பக்கடலின் உயிர்களால் கட்டப்பட்டிருக்கிறது.

இந்தக் கல்லின் குணம்தான் பிளாட்டின் புதிர் ஒன்றுக்கு விடை சொல்கிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் கொட்டும் இடத்தில் ஓர் ஓடையாவது இருக்க வேண்டுமல்லவா? ஒரு மணி நேரம் நடந்தும் நான் ஒன்றையும் காணவில்லை. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமிலவாயுவை எடுத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. கல்லின் முகமெங்கும் ஏர் உழுதாற்போல் கூரிய பள்ளங்கள். ஆங்காங்கே புனல் போன்ற குழிகள். விழும் நீரெல்லாம் அந்த வெடிப்புகளுக்குள் மறைந்துவிடுகிறது. அது எங்கே போகிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிளாட்டின் மேல்முனையில் ஷ்னேஃபெர்னர் என்னும் பனியாறு. ஃபெர்னர் என்னும் வட்டார வழக்கு, சென்ற ஆண்டின் பனி என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது. பனியாறு என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடையாது: சென்ற ஆண்டின் பனி எஞ்சியிருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளாட்டின் பெரும்பகுதியை மூடி, ஏறத்தாழ 300 ஹெக்டேர் பரப்பில் ஒரே பனிவெளி இருந்தது. அது உருகிப் பிரிந்து வடக்கு, தெற்கு என இரண்டானது. 2022 செப்டம்பரில் தெற்கு ஷ்னேஃபெர்னர் இனிப் பனியாறு அல்ல என்று பவேரிய அறிவியல் கழகம் அறிவித்தது. அதன் பரப்பு ஒரு ஹெக்டேருக்கும் கீழே போயிருந்தது. பெரும்பாலான இடங்களில் பனிக்கட்டியின் தடிமன் 2 மீட்டர்கூட இல்லை. தன் எடையாலேயே நகர்வதுதான் பனியாறு. அவ்வளவு மெல்லிய பனிக்கட்டியால் நகர முடியாது. ஜெர்மனியில் இப்போது எஞ்சியிருப்பவை நான்கே. வடக்கு ஷ்னேஃபெர்னரின் ஒரு பகுதியை 1993 முதல் 2012வரை கோடைதோறும் தார்ப்பாய் போட்டு மூடிப் பார்த்தார்கள். நான் பார்த்தபோது அது தூசி படிந்து சாம்பல் நிறமாக, வெயிலில் வைத்த பழைய போர்வையைப் போலக் கிடந்தது. அதைப் பனியாறு என்று உடன் வந்தவருக்குச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது.

இங்கே பனி போதாமல் போவதைப் பார்க்கும்போது, அது அளவுக்கு மீறி வந்த நாளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பனியாற்றின் மேலே, செங்குத்துச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஷ்னேஃபெர்னர்ஹவுஸ் 1931இல் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது. 1965 மே 15 அன்று, மேலேயிருந்து பெயர்ந்த பனிச்சரிவு அதன் வெயில்தளத்தில் இருந்தவர்களை வாரிக்கொண்டு போனது. 10 பேர் இறந்தனர். மே மாதம் என்பதைப் பார்த்தால், 8.30 மீட்டர் பதிவான அந்த ஏப்ரல் நினைவுக்கு வரும். மலையின் பெயரே இதிலிருந்து வந்தது என்கிறார்கள்: "சுக்" என்பது பனிச்சரிவு இழுத்துச் செல்லும் தடம். விடுதி 1990களில் ஆய்வு நிலையமாக மாறியது. ஊர்ப்புகை எட்டாத உயரம் என்பதால், காற்றில் கரியமிலவாயுவும் மற்ற வாயுக்களும் எவ்வளவு என்று அங்கே இடைவிடாமல் அளக்கிறார்கள். உச்சியில் வைத்திருக்கும் ஒரு நுண்கருவி, பிளாட்டில் சேரும் பனியின் நிறையால் ஈர்ப்புவிசையில் ஏற்படும் சிறு மாற்றத்தைக்கூட உணர்கிறது. என்ஸன்ஸ்பெர்கர் அளவுகோலால் அளந்த பனியை இன்று அதன் ஈர்ப்பைக் கொண்டு நிறுக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும் பனியாற்றைவிடக் கண்ணுக்குத் தெரியாத பனிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. உச்சியையொட்டிய வடக்குச் சுவரின் உள்ளே, பாறையின் வெடிப்புகளில் ஆண்டு முழுவதும் உருகாத பனிக்கட்டி இருக்கிறது. கல்லோடு கல்லை ஒட்டிவைத்திருக்கும் சாந்து அது. 2007இல் உச்சிக்குக் கீழே பாறையைக் குடைந்து வெப்பநிலைக் கருவிகளைப் பொருத்தி அதைக் கண்காணித்து வருகிறார்கள். அங்கே வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது. சாந்து இளகினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று கீழேயே இருக்கிறது. ஐப்சே ஏரியும் அதில் உள்ள அழகிய தீவுகளும், ஏறத்தாழ நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த மலையின் ஒரு பகுதி இடிந்து விழுந்து பரவிய கற்குவியலின் மேல் அமைந்தவை. அந்த இடிவுக்குக் காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. விழுந்தால் எவ்வளவு விழும் என்பதை மட்டும் அந்த ஏரி காட்டுகிறது.

2,050 மீட்டர் உயரத்தில் உள்ள க்னோர் குடிலில் இரவு தங்கினோம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் குறைவு என்பதால் மேலே உச்சியில் தண்ணீர் 90 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். குடிலில் அதைவிடச் சற்றுக் கூடுதல். தேநீர் எப்படியும் நன்றாக இல்லை. மறுநாள் காலை செங்குத்தான பாதையில் இறங்கி, முதலில் வந்த குட்டைப் பைன் புதர்களையும் பிறகு வந்த மரங்களையும் கடந்து ரைன்டால் பள்ளத்தாக்கை அடைந்தோம். அங்கே ஒரு பாறையின் அடியிலிருந்து நுரைத்துக்கொண்டு வெளியே பாய்ந்தது, மேலே நான் தேடிக் கிடைக்காத அத்தனை நீரும். சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் நீரைக் கசியவிடாத அடுக்கு ஒன்று தொட்டிபோல் வளைந்து கிடப்பதால், பிளாட்டில் விழும் மழையும் உருகும் பனியும் மலையின் வயிற்றுக்குள் ஒன்றுசேர்ந்து இந்த ஒரே வாயில் வழியாகப் பார்ட்நாக் ஆறாக வெளிவருகின்றன. கையை வைத்துப் பத்து எண்ணுவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன.

அதற்குக் கீழே, நீலக்குட்டை என்று பெயர் பெற்றிருந்த ஏரி ஒன்றின் இடத்தைக் கடந்தோம். பழைய நிலச்சரிவால் அணை கட்டியதுபோல் உருவான அந்த ஏரியை, 2005 ஆகஸ்டில் வடக்குத் தேக்கம் கொட்டிய மழை ஒரே வெள்ளத்தில் கல்லாலும் மணலாலும் நிரப்பிவிட்டது. பழைய அஞ்சலட்டைகளில் நீலமாக இருந்த இடம் இப்போது வெளுத்த சரளைவெளி. பிற்பகலில் தூறல் தொடங்கியது. பார்ட்நாக் ஆறு அறுத்த இடுக்கின் வழியாக நனைந்தபடியே வந்து, மாலையில் கார்மிஷ் ரயில் நிலையத்தை அடைந்தோம்.

டிக்கெட் கூடத்தில் உச்சியின் கேமராப் படம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. முழுத் திரையும் சாம்பல். மூலையில் வெப்பநிலை 1 பாகை. மறுநாளைக்கு டிக்கெட் எடுக்கலாமா என்று திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற குடும்பத்தில் ஒருவர், எங்கள் சேறு படிந்த காலணிகளைக் கண்டு, "மேலே ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். நாளைக்கும் வடமேற்குக் காற்றுதான், தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது என்று சொன்னேன். கம்பிகளில் பனி இறகு முளைத்திருந்தால் அது எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்க்கச் சொன்னேன். பிள்ளைகளுக்குக் கையுறை கட்டாயம் வேண்டும் என்பதையும் சொன்னேன்.